பிடிபடாத சொல்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘புரிந்துகொள்ள முடியாத’ எனப் பொருள்படும் ‘இன்காம்ப்ரிஹென்ஸிபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லை அசை பிரிக்கச் சொன்ன கேள்விக்கு ‘இன் / காம்ப்ரிஹென்ஸ் / இபிள்’ என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். அவள் எழுதியது தவறா? தமிழில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லையே. பள்ளியை மாற்றிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஒரு வாசகர், பாபநாசம்

அன்புள்ள நண்பருக்கு,

பள்ளி மாற்றுவது பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மதிப்பெண் போனது முறைதான். கேட்டது அசை, அது இன்-காம்-ப்ரி-ஹென்-ஸி-பிள் என ஆறு. உங்கள் மகள் பிரித்தது உறுப்பு, அதாவது பொருள் தரும் துண்டுகள்; அதையும் அழகாகவே பிரித்திருக்கிறாள். ‘இன்’ எதிர்மறை, ‘இபிள்’ இயலும் என்ற பொருளைத் தரும் விகுதி, நடுவில் இருப்பது ‘பிடித்தல்’ எனப் பொருள்படும் ‘ப்ரெஹெண்டெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம்முடைய ‘பிடிபடாத’ என்ற சொல்லும் பிடியில்தான் தொடங்குகிறது என்று அவளிடம் சொல்லுங்கள், மகிழ்வாள்.

ஆனால் தமிழில் குழப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரிக்கும் பகுபத உறுப்பிலக்கணத்தைத் தேர்வெழுதிய அன்றே மறந்துவிட்டீர்களா? அந்தப் ‘பிடிபடாத’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அசை பிரித்தால் பிடி / படா / த; நிரை நிரை நேர், கருவிளங்காய். நன்னூல் வழியில் உறுப்பாகப் பிரித்தால் பிடிபடு + ஆ + த் + அ. பகுதியின் டகர மெய்யும் எதிர்மறை ஆகாரமும் ‘டா’ என்ற ஒரே எழுத்தில் ஒட்டிக்கிடக்கின்றன. அசை பிரிப்பவர் அதைத் தொடவே வேண்டாம், உறுப்புப் பிரிப்பவரோ அதைப் பிளந்தே ஆகவேண்டும். ஆங்கிலச் சொல்லில் இருக்கும் ‘ஸி’யின் கதையும் இதுவே, அதன் மெய் பகுதிக்குரியது, உயிர் விகுதிக்குரியது.

நமக்குப் புதியது அழுத்தம் மட்டுமே. இன்ன அசையை ஓங்கிச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் தமிழ்ச் சொல்லுக்கு இல்லாததால், ஆறு அசையையும் வரிசை நடவு போலச் சமமாக வைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் திருவையாற்றுத் திண்ணையில் உட்கார்ந்து உருப்போட்டுக்கொண்டிருந்தேன். தவில் வாசிக்கும் என் தாய்மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. “ஆறு எழுத்தாடா? தகிட தகிட” என்று தொடையில் தட்டினார். நான்காவதை ஓங்கிச் சொல்ல வேண்டுமாம் என்றேன். இரண்டாவது ‘த’வில் உள்ளங்கை பளீரென்று விழுந்தது: இன்காம்ப்ரி, ஹென்ஸிபிள். (இரண்டாம் அசையிலும் சிறிய அழுத்தம் உண்டென்று அகராதி குறிக்கும், மாமா அதைப் பொருட்படுத்தவில்லை.) அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து மாமி, யாரை இப்படித் திட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

அதே சொல் ‘இன்காம்ப்ரிஹென்ஸிபிலிட்டி’ என்று பெயர்ச்சொல்லாகும்போது அசை எட்டாகி, அழுத்தம் ‘ஹென்’னை விட்டு ஆறாவதான ‘பி’க்கு நகர்ந்துவிடும். அதை மாமாவிடம் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. உங்கள் மகளைத் தொடையில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.