தாய்ப்பன்றிக்கு நிற்கும் சினை இளம் பன்றிக்கு ஏன் நிற்பதில்லை?

கேள்வி: எட்டுத் தாய்ப்பன்றிகளும் இன்னும் குட்டி போடாத ஆறு இளம் பன்றிகளும் உள்ள வெண்பன்றிப் பண்ணை எங்களுடையது. விந்தை வெளியில் வாங்கிச் செயற்கைக் கருவூட்டல் செய்கிறோம். காலையில் சினைப்பருவத்தைக் கண்டால் மறுநாள் காலை ஒரு டோஸ். இன்னொரு டோஸை பிரிட்ஜில் வைத்து அதற்கடுத்த நாள் போடுகிறோம். தாய்ப்பன்றிகளுக்குச் சினை நிற்கிறது. இளம் பன்றிகளில் ஆறுக்கு நான்கு 21ஆம் நாளே திரும்பப் பருவத்துக்கு வந்துவிட்டன. போடும்போதே பாதி விந்து வெளியே வழிகிறது. எங்கே தவறு?

பதில்: 21ஆம் நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. பன்றியின் பருவச் சுழற்சி 18 முதல் 24 நாள். அந்தக் கணக்கில் சரியாகத் திரும்பினால் பெரும்பாலும் கரு தங்கவே இல்லை என்று பொருள். நேரமோ விந்தோ குழாய் செருகிய விதமோ தவறியிருக்கிறது. 25 நாளைத் தாண்டி ஒழுங்கில்லாமல் திரும்பினால்தான், தங்கிய கரு எதனால் அழிந்தது, நோயா, வெயிலா, கொட்டகைச் சண்டையா என்று தேட வேண்டும். உங்களுக்கு இப்போதைக்கு அந்தத் தேடல் வேண்டாம்.

முதல் தவறு கடிகாரத்தில். குட்டிகளைப் பிரித்த பிறகு பருவத்துக்கு வரும் தாய்ப்பன்றி இரண்டு, இரண்டரை நாள் கிடா (ஆண் பன்றி) ஏற அசையாமல் நின்றுகொடுக்கும். இளம் பன்றி ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள். நிற்கும் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கழியும் வாக்கில் முட்டை வெளிவரும். ஆகவே இளம் பன்றியில் பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் அது நடந்து முடிந்துவிடும். வந்த முட்டைக்கு ஆயுள் சுமார் எட்டு மணி நேரம். விந்தணு உள்ளே ஏறத்தாழ ஒரு நாள் தாக்குப்பிடிக்கும் என்பதால், விந்துதான் முன்னால் போய் முட்டைக்காகக் காத்திருக்க வேண்டும். நீங்களோ ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் பார்க்கிறீர்கள். இன்று காலை நிற்கும் பன்றி நேற்று மதியமே நிற்கத் தொடங்கியிருக்கலாம். அதற்கு மேல் ஒரு நாள் தள்ளினால் முட்டை போன பிறகு விந்து போகிறது. அதே தாமதத்தைத் தாய்ப்பன்றி தாங்குகிறது, அவ்வளவுதான்.

காலை ஆறு, மாலை ஆறு என இரு வேளை பாருங்கள். முதலில் நின்றதைக் கண்டதிலிருந்து 12 மணி நேரத்தில் ஒரு டோஸ், 24 மணி நேரத்தில் அடுத்தது. இரு வேளை பார்க்க ஆள் இல்லையென்றால் கண்டவுடனே ஒன்று, மறுநாள் காலையும் நின்றால் இன்னொன்று. நிற்காத பன்றிக்குப் போடவே கூடாது. பருவம் முடிந்த பிறகு செலுத்தினால் வீணாவது விந்து மட்டுமல்ல; கருப்பையில் கிருமி ஏறிச் சீழ் வடியலாம்.

பெண்குறி நன்றாகச் சிவந்து வீங்கியிருப்பதைப் பார்த்ததும் நேரம் வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இளம் பன்றிக்கு அந்தச் சிவப்பு நிற்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வந்துவிடும். சிவப்பு மங்கி, நீர்போல் இருந்த கசிவு விரலில் ஒட்டும் பதத்துக்குக் கெட்டியாகும்போதுதான் சரியான காலம். இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி அழுத்துங்கள். காது விறைத்து, கால் மரம்போல் ஊன்றி நிற்க வேண்டும். இந்தச் சோதனையைக் கிடாவை முகத்துக்கு எதிரே நிறுத்திச் செய்யுங்கள். செயற்கை முறைக்கு வந்துவிட்டால் கிடா வேண்டாம் என்பது தவறான சிக்கனம். அதன் வாய் நுரையிலிருந்து வரும் வாடைதான் பெண் பன்றியை நிற்க வைக்கிறது. பத்து மாதமாவது நிரம்பிய கிடா வேண்டும். குட்டிக் கிடாவிடம் அந்த வாடை போதாது. ஆனால் அதை எப்போதும் பக்கத்து அறையிலேயே கட்டி வைத்தால் பழகிப்போய்ப் பெண் பன்றி கண்டுகொள்ளாது. கால் மணி நேரம் நின்று களைத்த பன்றி அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மறுபடி நிற்பதும் அரிது. அதனால் கருவூட்டலுக்கு ஒரு மணி நேரம் முன்பே கிடாவைக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இரண்டாவது தவறு பிரிட்ஜ். மாட்டு விந்து திரவ நைட்ரஜனில் உறைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, குளிர் கூடினால் நல்லது என்று தோன்றும். பன்றி விந்தணுவின் மேலுறையில் கொழுப்புச் சத்தான கொலஸ்ட்ரால் குறைவு. 15 டிகிரிக்குக் கீழே போனால் அந்த உறை கெட்டுவிடும். பிரிட்ஜின் 4 டிகிரியில் ஓர் இரவு இருந்த டோஸ் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். உங்கள் தாய்ப்பன்றிகள் இதுவரை முதல் டோஸாலேயே சினையாகியிருக்க வேண்டும். 16 முதல் 18 டிகிரி வரை வைக்க வேண்டும். அதற்கான பெட்டி இல்லையென்றால் தெர்மாகோல் பெட்டி, செய்தித்தாள் சுற்றிய ஐஸ் பொட்டலம், உள்ளே ஒரு வெப்பமானி போதும்; பாட்டில் ஐஸைத் தொடக் கூடாது. அணுக்கள் அடியில் படியாமலிருக்கக் காலையும் மாலையும் பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். விந்தைக் கெடாமல் காக்கும் சாதாரணக் கரைசலில் கலந்ததை மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். போடும் முன் சூடாக்கத் தேவையில்லை. ஒரு டோஸ் 80 முதல் 100 மில்லி, அதில் 250 முதல் 300 கோடி அணுக்கள் இருக்க வேண்டும்.

வழிவதற்கு வருவோம். ‘சினை ஊசி’ என்று சொன்னாலும் இதில் ஊசி கிடையாது. கருப்பை வாயில் பூட்டிக்கொள்ளும் குழாய்தான் எல்லாம். தாய்ப்பன்றிக்கான பெரிய முனை இளம் பன்றியின் குறுகிய கருப்பை வாயில் உட்காராது. இளம் பன்றிக்கென்றே சிறிய முனையுள்ள கெதீட்டர் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். உட்குழாய் நீட்டிக் கருப்பைக்குள்ளேயே விடும் முறையை இளம் பன்றியில் முயல வேண்டாம். உட்குழாய் எளிதில் நுழையாது, காயம்தான் மிஞ்சும்.

பெண்குறியைக் காய்ந்த தாளால் துடையுங்கள். சோப்பும் கிருமிநாசினியும் விந்தணுவைக் கொன்றுவிடும். கழுவியே ஆக வேண்டுமென்றால் வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். கருவூட்டலுக்கென்று விற்கும் வழவழப்புத் திரவத்தில் இரண்டு சொட்டை முனையின் பக்கவாட்டில் மட்டும் தடவுங்கள், துளையை அடைக்க வேண்டாம். முனையைக் கையால் தொடாதீர்கள். உதடுகளை விரித்து, முதுகெலும்பை நோக்கி 45 டிகிரி மேல்நோக்கிச் செருகுங்கள். நேராகச் செருகினால் கீழ்ச்சுவரிலுள்ள சிறுநீர்த் துளைக்குள் போய்விடும். குழாயில் சிறுநீர் வந்தால் அதை எறிந்துவிட்டுப் புதியது எடுங்கள். ஒரு சாண் வாக்கில் போனதும் தடை தெரியும். திருகுமுனை என்றால் அங்கே இடப்பக்கமாக மெதுவாகத் திருகுங்கள். ஸ்பாஞ்ச் முனை என்றால் திருகாமல் நிதானமாக அழுத்தினால் போதும். பூட்டியிருந்தால் லேசாக இழுக்கும்போது ரப்பர்போல் இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடி கைக்குத் தெரியும் வரை பாட்டிலை மாட்டாதீர்கள்.

பாட்டிலை அமுக்கக் கூடாது. பெரும்பாலோர் வழியவிடுவது இங்கேதான். கருப்பை சுருங்கி விரியும்போது அதுவே விந்தை உறிஞ்சும். விலக்கி வைத்த கிடாவை இப்போது கொண்டுவந்து எதிரே நிறுத்தி, நீங்கள் முதுகில் பாரம் கொடுத்து விலாவையும் மடியையும் தேய்த்துக்கொண்டிருங்கள். இறங்காவிட்டால் குழாயை ஒரு நூல் பின்னுக்கு இழுங்கள், அல்லது பாட்டிலின் அடியில் ஊசியால் துளையிடுங்கள். நான்கைந்து நிமிடமாவது ஆக வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் காலியானால் அது திரும்பி வரும். வழிந்தால் பாட்டிலைத் தாழ்த்தி, மறுபடி பூட்டிவிட்டுத் தொடருங்கள். முடிந்ததும் குழாயின் வெளிமுனையை மடித்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, வலப்பக்கம் திருகி உருவுங்கள். சில மணி நேரம் கழித்துச் சிறிது வடிவது இயல்பு. முனையில் ரத்தம் தெரிந்தால் கை முரட்டுத்தனமாக இருந்திருக்கிறது.

வயதை நீங்கள் எழுதவில்லை. முதல் பருவத்தை விட்டு இரண்டாவது அல்லது மூன்றாவதில், எட்டு மாதம் வாக்கில், 100 கிலோவைத் தாண்டியதற்குப் போடுங்கள். தராசு இல்லையென்றால் டேப் போதும்: மார்புச் சுற்றளவை மீட்டரில் அளந்து அதை அதாலேயே பெருக்கி, இரு காதுக்கு நடுவிலிருந்து வால் அடி வரையிலான நீளத்தால் பெருக்கி, 69.3ஆல் பெருக்கினால் கிலோ. சுற்று 1.10, நீளம் 1.25 என்றால் சுமார் 105 கிலோ. பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பு தீவனத்தைக் கூட்டி, கருவூட்டிய அன்றே இரண்டேகால் கிலோவுக்குக் குறைத்துவிடுங்கள். முப்பது நாள் வரை வேறு பன்றிகளோடு கலக்காமல், வண்டியில் ஏற்றாமல், மதிய வெயிலில் தண்ணீர் தெளித்து வையுங்கள்.

திரும்பி வந்த நான்குக்கும் அந்த நாளைக் குறித்து, 17ஆம் நாள் மாலையிலிருந்து கிடாவைக் காட்டத் தொடங்குங்கள். இந்த முறை நேரமும் விந்தும் சரியாக இருந்தும் திரும்பினால் இன்னும் ஒரு வாய்ப்பு தரலாம். மூன்றாவது முறையும் திரும்புவதை இறைச்சிக்கு அனுப்பிவிடுவதே கட்டுப்படியாகும்.