தடை போட்டால் நேர்மையான தேர்தல் வருமா?

கேள்வி: குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். பொருளாதாரத் தடை தென்னாப்பிரிக்காவில் பலித்தது, வெனிசுவேலாவில் பலிக்கவில்லை என்கிறார்கள். இதற்கான காரணத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
- வாசகர், மதுரை

பதில்: தடை எவ்வளவு கடுமையானது என்பதிலிருந்து தொடங்காதீர்கள். தேர்தலில் தோற்றால் ஆட்சியாளரின் கதி என்ன என்று முதலில் பாருங்கள். நாளிதழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

வெனிசுவேலாவை எடுத்துக்கொள்வோம். 2023 அக்டோபர் 17 அன்று அதிபர் நிக்கோலஸ் மதுரோவின் அரசும் எதிர்க்கட்சியினரும் பார்படோஸில் தேர்தல் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே அமெரிக்கா எண்ணெய், எரிவாயு மீதான தடையை ஆறு மாதங்களுக்குத் தளர்த்தியது. சொன்னபடி நடந்தால் நீட்டிப்போம், இல்லையேல் மறுபடியும் தடை என்பது பேச்சு. இந்திய ஆலைகள்கூட அந்த எண்ணெயை மீண்டும் வாங்கின. ஆனால் எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் தேர்வில் 90 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்ற மரியா கொரினா மச்சாடோ போட்டியிட முடியாது என்று 2024 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஏப்ரலில் சலுகை நிறுத்தப்பட்டது. அப்போதும், வெனிசுவேலாவில் எண்ணெய் எடுக்க அமெரிக்க நிறுவனமான செவ்ரானுக்குத் தந்திருந்த தனி உரிமத்தில் அமெரிக்கா கைவைக்கவில்லை. எச்சரிக்கையின் வலு அங்கேயே பாதி போய்விட்டது.

ஜூலை 28 அன்று வாக்குப்பதிவு. மதுரோ 51 சதவீதம் பெற்று வென்றார் என்றது தேர்தல் ஆணையம். வாக்குச்சாவடி வாரியான கணக்கை மட்டும் வெளியிடவே இல்லை. எதிர்க்கட்சித் தொண்டர்கள் உயிரைப் பணயம் வைத்துத் திரட்டிய எண்ணிக்கைத் தாள்களோ, 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட சாவடிகளில், மச்சாடோவுக்குப் பதிலாக நின்ற எதிர்க்கட்சி வேட்பாளர் எத்முந்தோ கொன்சாலேசுக்கு ஏறத்தாழ 67 சதவீதம் காட்டின. செப்டம்பரில் அவர் ஸ்பெயினில் தஞ்சம் புகுந்தார். போதைப்பொருள் கடத்தல் குற்றச்சாட்டில் மதுரோவைப் பிடிக்க உதவுவோருக்கு அமெரிக்கா 2020-லேயே ஒன்றரைக் கோடி டாலர் பரிசு அறிவித்திருந்தது. பதவியில் நீடித்தால் எண்ணெய் வருமானம், தோற்றால் சிறை. எந்த ஆட்சியாளர் தோல்வியை ஏற்பார்?

வெள்ளையினச் சிறுபான்மையினர் நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவில் கணக்கு வேறு. (அந்நாட்டுடன் வணிகத்தை 1946-லேயே முதலில் நிறுத்தியது இந்தியா; அங்கே ஒடுக்கப்பட்டவர்களில் தமிழரும் இருந்தார்கள். தேர்வில் இதை மறக்காமல் எழுதுங்கள்.) 1985-ல் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க மறுத்ததும் அந்நாட்டு நாணயமான ராண்ட் சரிந்தது, அரசு கடன் தவணையை நிறுத்திவைத்தது. அடுத்த சில வாரங்களில் வெள்ளையின முதலாளிகளே ஜாம்பியாவுக்குப் போய், தடைசெய்யப்பட்டிருந்த மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர்களைச் சந்தித்தார்கள். அடி விழுந்தது அரசைத் தாங்கிப்பிடித்தவர்களின் பையில்.

1986-ல் ரீகனின் ரத்து அதிகாரத்தையும் மீறி அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய தடைச் சட்டத்தில் நிபந்தனைகள் பட்டியலாகவே இருந்தன: மண்டேலா விடுதலை, கட்சிகள் மீதான தடை நீக்கம், நெருக்கடி நிலை ரத்து என்று. அவை நிறைவேறியதாகக் கருதி 1991 ஜூலையில் தடையை விலக்கினார்கள். தோற்பவர்களுக்கு வழிவிட்டது உள்நாட்டுப் பேச்சுவார்த்தைதான். 1992-ல் மண்டேலா தரப்பின் கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோ முன்வைத்த யோசனைப்படி, குறிப்பிட்ட காலத்துக்குக் கூட்டு அரசு, பழைய அரசு ஊழியர்களுக்கு வேலைப் பாதுகாப்பு. 1994 ஏப்ரல் தேர்தலில் தோற்ற வெள்ளையின அதிபர் டி கிளர்க், மண்டேலாவின் கீழ் துணை அதிபரானார்.

தடை மட்டுமே நிறவெறியை வீழ்த்தியது என்று எழுதிவிடாதீர்கள். தெருக்களில் செத்தவர்களும், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களும், பனிப்போரின் முடிவும் அந்தக் கணக்கில் உண்டு. அதேபோல் வெனிசுவேலாவின் வறுமைக்கெல்லாம் தடைதான் காரணம் என்பதும் சரியல்ல. 2019-ல் அரசு எண்ணெய் நிறுவனத்தின் மீது தடை வருவதற்கு முன்பே பொருளாதாரம் நொறுங்கியிருந்தது. ஆனால் அந்தத் தடை சுமையைக் கூட்டியது, அதைச் சுமந்தவர்கள் சாதாரண மக்கள். 70 லட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டைவிட்டுப் போயிருக்கிறார்கள். விடைத்தாளில் அவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.