என்.சி.சி. களப் பயிற்சியில் ‘ஃபீல்ட் கிராஃப்ட்’ என்றால் என்ன?

மேடு, பள்ளம், புதர், நிழல் இவற்றைப் பயன்படுத்தி, எதிராளியின் கண்ணில் படாமல் பார்ப்பதும் நகர்வதும்தான் ஃபீல்ட் கிராஃப்ட். 1948இல் தொடங்கிய தேசிய மாணவர் படையில், துப்பாக்கி சுடுவதைப் போலவே இதுவும் அடிப்படைப் பாடம்.

நம் கண் வேறுபாட்டைத்தான் தேடும்: உருவம், பளபளப்பு, நிழல், எல்லாவற்றுக்கும் மேலாக அசைவு. சுவரில் ஒட்டியிருக்கும் பல்லியை யாரும் கவனிப்பதில்லை. பூச்சியைப் பிடிக்க ஓடும்போதுதான் பார்வை அங்கே போகிறது.

பாறைக்குப் பின்னால் படுத்திருக்கும் மாணவர் பெரும்பாலும் தலையை மேலே தூக்கி எட்டிப் பார்ப்பார். அந்த நொடியே வானத்தின் வெளிச்சத்தில் தலை கறுப்பாகத் துருத்தித் தெரியும். தரையோடு ஒட்டி, பாறையின் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். மேட்டைக் கடக்கும்போதும் உச்சியில் நடக்காமல் சரிவோடு போக வேண்டும். நிழல் இடம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. காலையில் மறைத்த மரம் மதியம் மறைக்காது. தொப்பியில் செருகிய தழை வாடினால் உடனே மாற்றுங்கள், பச்சைப் புதர் நடுவே பழுப்பு நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

கிளம்பும் முன் ஒருமுறை குதித்துப் பாருங்கள். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டில் சலசலக்கும், சட்டைப்பையில் சில்லறை குலுங்கும். இரண்டையும் அங்கேயே சரிசெய்யுங்கள்.

முகத்தில் கரி பூசினாலே மறைந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; கரி தோலின் மினுமினுப்பைத்தான் குறைக்கும், அசைவை மறைக்காது.