ரோன் பாணி ஒயின் கலவை என்றால் என்ன? இசை அதன் சுவையை மாற்றுமா?

பிரான்சின் தென்கிழக்கில் உள்ள ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் திராட்சை வகைகளைக் கலந்து செய்வது ரோன் பாணி ஒயின். சிவப்புக் கலவையில் பெரும்பாலும் மூன்று வகைகள் இருக்கும். கிரனாஷ் கனிந்த பழச்சுவை தரும். சிரா அடர்நிறமும் மிளகு வாசனையும் தரும். மூர்வெத்ர் துவர்ப்பைக் கொடுத்துக் கலவையைத் தாங்கி நிற்கும். குரல், வயலின், தாளம் மூன்றும் சேர்ந்த பாட்டைப் போன்றது இது.

இசை திரவத்தை மாற்றுவதில்லை, நம் கவனத்தைத் திருப்புகிறது. மூளை நாக்கு, மூக்கு, காது தரும் செய்திகளைச் சேர்த்தே சுவையை உணர்கிறது. ஒரே ஓவியம் மஞ்சள் விளக்கில் ஒருவிதமாகவும் வெள்ளை விளக்கில் வேறுவிதமாகவும் தெரிவதில்லையா, அப்படித்தான். உளவியலாளர் ஏட்ரியன் நார்த் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கனமான இசை கேட்டவர்கள் அதே ஒயினைக் கனமானது என்றே மதிப்பிட்டார்கள்.

நீங்களே சோதிக்கலாம். ஒரு மிடற்றை வாயில் நிறுத்திப் புல்லாங்குழலைக் கேளுங்கள்; பழம் முன்னே வரலாம். அடுத்த மிடற்றுக்கு, வயலின் போன்ற, ஆனால் பெரியதும் தாழ்ந்த ஒலி கொண்டதுமான செல்லோ என்ற கருவியைக் கேளுங்கள். ஈறுகளில் படியும் துவர்ப்பு மேலெழலாம். எனக்கு இந்த இரண்டாவது அனுபவமே மிகவும் பிடிக்கும்.

கலவை என்றால் மிச்சம் மீதியைக் கொட்டிய மலிவுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ரோனின் புகழ்பெற்ற ஷாத்தோநெஃப் டு பாப் ஒயினுக்கே பதின்மூன்று திராட்சை வகைகள் வரை கலக்க விதி இடம் தருகிறது.