பெரிய நாய் சின்ன நாய்களைக் கண்டால் பாய்கிறது, என்ன செய்வது?

கேள்வி இதுதான்: ஒன்றரை வயது லாப்ரடார், 32 கிலோ. வீட்டில் பரம சாது. வாக்கிங் போகும்போது பொமரேனியன், பக், ஷிட்சு மாதிரி சின்ன நாய் எதிரே வந்தால் மட்டும் ஆளையே இழுத்துக்கொண்டு பாய்கிறான். இதுவரை கடித்ததில்லை. 'நாலு போடு போட்டால் சரியாகிவிடும்' என்கிறார் மாமனார்.

அடிக்காதீர்கள். சின்ன நாய் கண்ணில் பட்டால் முதுகில் அடி விழும் என்றுதான் அவனுக்குப் புரியும். அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே உறுமுவான்.

முதலில், அவன் எதற்காகப் பாய்கிறான் என்று பாருங்கள். உடம்பு நெளிந்து, வாய் திறந்து, முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கினால் விளையாடக் கூப்பிடுகிறான். கயிறு தடுக்கிற எரிச்சலில்தான் அந்தக் குதியாட்டம், குரைப்பு எல்லாம். இந்த வயது லாப்ரடாரிடம் பெரும்பாலும் இதுதான். வாயை மூடி, உடம்பு விறைத்து, சத்தமே இல்லாமல் உற்றுப் பார்த்தால் கதை வேறு. வால் ஆடுகிறதே என்று நம்பிவிட வேண்டாம். விறைப்பாகத் தூக்கிய வாலைப் படபடவென்று ஆட்டுவது சிநேகம் இல்லை.

என்னிடம் இருப்பது சிப்பிப்பாறை. முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம். சின்ன நாய் நின்றுகொண்டிருந்தால் கண்டுகொள்ள மாட்டான். அதுவே கீச்சென்று கத்திக்கொண்டு ஓடினால் அந்த நொடியில் அவனுக்கு அது முயல். ஒன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் நாய்களுக்குள்ளும் இது நடக்கும். அதனால் சின்ன நாய்கள் இருக்கும் இடத்தில் அவனை அவிழ்த்து விடுவதே இல்லை. லாப்ரடாருக்கு இந்தத் துரத்தல் வெறி குறைவு என்றாலும் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பழக்குவதற்கு எல்லாமே தூரம்தான். சின்ன நாயைப் பார்த்த பிறகும் உங்கள் கையிலிருந்து தீனி வாங்கித் தின்கிறானே, அந்தத் தூரத்தில் தொடங்குங்கள். தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள், பின்வாங்குங்கள். அவன் அந்த நாயைப் பார்க்க வேண்டும், உடனே வாயில் ஒரு துண்டு விழ வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. பிஸ்கட்டெல்லாம் வெளியில் எடுபடாது. உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரலைச் சிறு துண்டுகளாக்கி எடுத்துப் போங்கள். கொஞ்ச நாளில் சின்ன நாயைப் பார்த்ததும் தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான். அதற்கப்புறம் சில அடி நெருங்கலாம். நம் ஊர் சந்துகளில் இதற்கு இடமே கிடையாது. காலையில் ஆள் வருவதற்கு முன்பே போங்கள், அல்லது ஏதாவது மைதானத்தின் ஓரம். எதிரே நாய் வந்துவிட்டால் நிறுத்தியிருக்கும் காரின் மறைவில் ஒதுங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கயிறு இறுகினால் அவன் உடம்பும் இறுகும், ஆகவே தளர்வாகவே பிடியுங்கள். நெஞ்சுப் பக்கம் வளையம் வைத்த ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) நல்லது, இழுக்கும்போது உங்கள் பக்கமே திரும்பிவிடுவான். நீண்டு சுருங்கும் கயிறு வேண்டாம், 32 கிலோ பாய்ந்தால் கையை அறுத்துவிடும். மஸில் (கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் உறை) போட்டுப் பழக்குவதாக இருந்தால் கூடை மாதிரியானது மட்டும் வாங்குங்கள். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது முக்கியமாக மூச்சிரைத்துத்தான். வாயைக் கட்டும் துணி மஸிலைப் போட்டு நம் வெயிலில் நடத்துவது ஆபத்து.

அறிமுகம் செய்ய வேண்டுமென்றால் நேருக்கு நேர் மூக்கை முட்டவிட வேண்டாம். இரண்டு பேரும் இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள், இடைவெளியை மெதுவாகக் குறையுங்கள். சின்ன நாய்க்காரர் பயத்தில் அதைச் சட்டென்று மேலே தூக்கினால் உங்களவனும் கூடவே எகிறுவான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 'அது ஒண்ணும் பண்ணாது சார்' என்று அவிழ்த்துவிட்ட குட்டி நாய் ஓடி வருகிறதா? நடுவில் நின்றுகொண்டு அதன் முன்னால் ஒரு கை தீனியை விசிறுங்கள். தெருக்குட்டிகளிடமும் இது வேலை செய்யும்.

விளையாட்டுதானே என்று விட்டுவிடாதீர்கள். 4 கிலோ நாய்மேல் எட்டு மடங்கு எடை விழுகிறது. பக், ஷிட்சு போன்றவற்றுக்குக் கண்குழி ஆழமில்லை, கழுத்தைக் கவ்வி இழுத்தாலே விழி பிதுங்கி வெளியே வந்துவிடலாம். கவ்வி உலுக்கியிருந்தால் தோலில் சின்னப் பல் தடம்தான் தெரியும், உள்ளே விலா எலும்பும் குடலும் நசுங்கியிருக்கலாம். நன்றாக நடக்கிறதே என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

விறைத்து உற்றுப் பார்க்கிற ரகமாக இருந்தால் நேரில் வந்து பார்க்கும் பயிற்சியாளர் தேவை. ஷாக் காலர் மாட்டி ஒரு வாரத்தில் மாற்றிக் காட்டுகிறேன் என்பவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்தக் குணம் திடீரென்று வந்ததென்றால் அதற்கும் முன்னால் டாக்டர். இடுப்பு, முழங்கை மூட்டுக் கோளாறு லாப்ரடார்களிடம் சாதாரணம், வலியிருக்கும் நாய் எதற்கும் சீறும்.