சர்வே கப்பலும் திமிங்கிலங்களும்: கேள்வி பதில்

எண்ணெய், எரிவாயு தேடும் சர்வே கப்பல்களில் கடல் பாலூட்டிகளைக் கண்காணிப்பது என் வேலை. இந்தக் கப்பல்கள் 'ஏர்கன்' என்ற கருவியால் கடலுக்குள் ஒலி எழுப்பித்தான் தேடும். வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

பொங்கோல் தம்பி: ஏர்கன் என்றால் துப்பாக்கியா அக்கா?

வெடிமருந்து கிடையாது தம்பி. அழுத்தி அடைத்த காற்றைத் தண்ணீருக்குள் சட்டென்று திறந்துவிடுவார்கள். சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை, இரவு பகலாக, வாரக்கணக்கில். கடலடிப் பாறையில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கப்பல் இழுத்துவரும் நீளமான கேபிள்கள் பிடிக்கும். திமிங்கிலங்கள் ஒன்றையொன்று கூப்பிடுவது ஒலியால்தான். பல இனங்கள் இரை தேடுவதும் அப்படித்தான். நம் கவலையே அதுதான்.

ஜூரோங் வாசகர்: திமிங்கிலம் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுவார்களா?

எந்த நாட்டு விதி என்பதைப் பொறுத்தது. பிரிட்டனின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பான ஜேஎன்சிசியின் வழிகாட்டியின்படி, சுடத் தொடங்குமுன் 30 நிமிடம் கடலைப் பார்க்க வேண்டும். ஆழம் 200 மீட்டருக்கு மேல் என்றால் 60 நிமிடம், ஏனென்றால் ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒரு மணி நேரம்கூட மூச்சடக்கும். ஏர்கனுக்கு 500 மீட்டருக்குள் கடல் பாலூட்டி எதையாவது கண்டால், கடைசியாகப் பார்த்து 20 நிமிடமாவது ஆன பிறகே சுடத் தொடங்க வேண்டும். ஆனால் முழு விசையில் சுட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்தால் நிறுத்தியே ஆகவேண்டும் என்று அதில் இல்லை. நியூசிலாந்தின் 2013 விதிமுறையில் அது உண்டு. பெரிய சர்வேயில், அந்த விதிமுறை பட்டியலிட்ட இனம் குட்டியோடு 1.5 கிலோமீட்டருக்குள் வந்தாலே நிறுத்த வேண்டும். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. குட்டியை விட்டுவிட்டுத் தாய் எங்கே ஓடும்?

தோ பாயோ அண்ணன்: மெதுவாக ஆரம்பிப்பார்களாமே?

ஆமாம் அண்ணே. சிறிய ஏர்கன் ஒன்றில் தொடங்கி, 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஒவ்வொன்றாகக் கூட்டுவார்கள். விலங்கு விலகிப்போக அவகாசம் கிடைக்கட்டும் என்றுதான். ஆனால் எல்லாம் விலகுவதில்லை. ஏர்கன் சுடும்போதே கப்பலின் முகப்பில் டால்ஃபின்கள் துள்ளிக்கொண்டு வருவதுண்டு.

ஈசூன் அக்கா: ராத்திரியில் எப்படிப் பார்ப்பீர்கள்?

பார்க்க முடியாது, கேட்போம். தண்ணீரில் இழுத்துவரும் ஹைட்ரோஃபோனில் (நீருக்கடி மைக்) ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் 'டக், டக்' சத்தம் சீராக விழும், திரையில் கோடுகளாகவும் தெரியும். சத்தம் போடாத விலங்கு அதில் சிக்காது. பெரிய பலீன் திமிங்கிலங்களின் (பல்லுக்குப் பதில் சல்லடை போன்ற தகடுகள் உள்ளவை) தாழ்ந்த குரல் கப்பல் இரைச்சலில் அமுங்கிவிடும்.

துவாஸ் வாசகர்: சிங்கப்பூரில் எண்ணெய்க் கிணறே இல்லையே, நமக்கென்ன?

நம் கடலிலும் இளஞ்சிவப்பு டால்ஃபின் இருக்கிறது. 2015 ஜூலையில் ஜூரோங் தீவருகே ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் செத்து மிதந்ததே, அதன் எலும்புக்கூடு லீ கோங் சியான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அது சர்வேயால் செத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொழிலின் அலுவலகங்களும் கப்பல் பட்டறைகளும் இங்கே இருக்கின்றன.

சர்வே திட்டமிடும் ஒரு தங்கை: என் மேசையிலிருந்து என்ன செய்யலாம்?

நாங்கள் டெக்கில் செய்வதைவிட அதிகம். குட்டி ஈனும் மாதங்களையும் வலசைப் பாதைகளையும் தவிர்த்து அட்டவணை போடுங்கள். வேலைக்குப் போதுமான அளவுக்கு மேல் பெரிய ஏர்கன் வரிசையைக் கேட்காதீர்கள். இரவில் கேட்கவும் ஆள் வேண்டும் என்பதைப் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள், கப்பல் கிளம்பியபின் அதைச் சேர்க்க முடியாது.