250 மீட்டர் மண் டேட்டா போட்டால் மாடல் சரியாகிவிடுமா?

கேள்வி: நில மேற்பரப்பு மாடலுக்கு (மழை, மண் ஈரம், ஓடுநீர் எல்லாம் கணக்கிடும் கணினி மாடல்) எச்.டபிள்யூ.எஸ்.டி. என்ற 1 கிலோமீட்டர் உலக மண் வரைபடம் போதுமா, சாயில்கிரிட்ஸ் என்ற 250 மீட்டர் உலக மண் வரைபடத்துக்கு மாற வேண்டுமா? 250 மீட்டர் ரெசல்யூஷன் (ஒரு பிக்சலின் அளவு) இருப்பதால் மண் ஈரமும் ஓடுநீரும் துல்லியமாக வருமா?

உங்கள் வழிகாட்டியோ, கட்டுரையை மதிப்பாய்வு செய்தவரோ "புது டேட்டா போட்டு மறுபடி ஓட்டுங்கள்" என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படி ஒரு வரி வந்தது. அந்தக் கடுப்பு இன்னும் தீராததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நேரடிப் பதில்: அதனால் மட்டும் வராது.

மாடல் தண்ணீரை ஓட்டுவதற்கு மணல், வண்டல், களி சதவீதம் போதாது. மண் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், எந்த வேகத்தில் கீழே விடும், எந்த ஈரத்துக்குக் கீழே போனால் செடி வாடும் என்பதெல்லாம் தெரிய வேண்டும். இவற்றை உலகம் முழுக்க யாரும் அளந்து வைக்கவில்லை. அதனால் மணல், களி அளவை ஒரு சமன்பாட்டில் போட்டுக் கணக்கிடுகிறோம். பெடோட்ரான்ஸ்ஃபர் சார்பு என்று சொல்வது இதைத்தான். வரைபடத்தை மாற்றச் சொல்பவர்கள் இந்தச் சமன்பாட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

நான் ஓட்டியது மத்திய அமேசானின் மேட்டுநிலக் காட்டுக்கு. அங்கே களி 80 சதவீதத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. மாடலுக்குள் இருந்தது காஸ்பி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1984-ல் வெளியிட்ட சமன்பாடு. இன்றும் பல மாடல்களில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். அது உருவானது அமெரிக்காவின் 23 மாநிலங்களில் எடுத்த 1,448 மாதிரிகளை வைத்து. அதில் மணல் 10, களி 80 என்று போட்டுப் பாருங்கள்: தண்ணீர் மணிக்குச் சுமார் 2.6 மில்லிமீட்டர்தான் இறங்கும் என்று வரும். அமேசானில் ஒரு நல்ல மழை மணிக்குப் பல பத்து மில்லிமீட்டர் கொட்டும். அப்புறம் என்ன, மாடலில் பெய்ததெல்லாம் தரைமேலேயே ஓடி ஆற்றில் விழுந்தது. உண்மையில் அந்த மேட்டுநிலத்தில் மழை பெரும்பாலும் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி வழியாக நிதானமாகத்தான் ஓடையைச் சேர்கிறது.

காரணம் மண்ணின் கட்டமைப்பில் இருக்கிறது. அங்குள்ள களி, கயோலினைட் வகை. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதை இறுகப் பிணைத்து ரவை மாதிரி சின்னச் சின்ன உருண்டைகளாக வைத்திருக்கின்றன. உருண்டைகளுக்கு இடையே தண்ணீர் மணலில் இறங்குவது போல இறங்கிவிடும். உருண்டைக்கு உள்ளே சிக்கிய தண்ணீரையோ பெரும்பாலும் வேரால் இழுக்க முடியாது. ஆய்வகத்தில் உருண்டையை உடைத்துத் துகளை அளந்தால் "கனமான களிமண்" என்று ரிப்போர்ட் வரும். சமன்பாடும் அதை அப்படியே நம்பிவிடும்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் சமன்பாட்டின் மேல்தான். நீர்ப்பிடிப்புக்கு ஹாட்னெட், தோமசெல்லா என்ற ஆய்வாளர்கள் 2002-ல் வெப்பமண்டல மண்ணுக்காகவே கொடுத்த சார்பை எடுத்தேன். நீர்க் கடத்துதிறனுக்கு (மண்ணில் தண்ணீர் இறங்கும் வேகம்) அதே வகை மண்ணில் அளந்து வெளியிட்ட மதிப்புகளைப் போட்டேன். வரைபடம் பழைய 1 கிலோமீட்டர் எச்.டபிள்யூ.எஸ்.டி.யேதான். ஓடுநீரின் வடிவமே மாறியது. மழை பெய்த உடனே குத்தூசி போல எழுந்த உச்சங்கள் அடங்கி, வறண்ட மாதங்களிலும் ஆற்றில் நீர் இருந்தது.

இதற்கு வந்த விமர்சனம்: "250 மீட்டர் டேட்டா இருக்கும்போது ஏன் பழையது?" சரி என்று அதையும் போட்டு ஓட்டினேன். களி சில புள்ளிகள் இறங்கியது, விடை அசையவில்லை. அசையும் என்று எதிர்பார்ப்பதற்கும் நியாயம் இல்லை. என் மாடலின் ஒரு கட்டம் அரை டிகிரி, நிலநடுக்கோட்டருகே சுமார் 55 கிலோமீட்டர். அதற்குள் 250 மீட்டர் பிக்சல்கள் ஏறத்தாழ 48,000 அடங்கும். அத்தனையையும் சராசரி எடுத்து ஒரே எண்ணாக்கிவிட்டு ரெசல்யூஷன் பற்றிப் பேசுவதில் என்ன இருக்கிறது?

சராசரியில் இன்னொரு சிக்கல். கட்டத்தில் பாதி மணல், பாதி களி என்றால் சராசரியாக அங்கே எங்குமே இல்லாத ஒரு கலப்பு மண் வந்து நிற்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் முதலில் நீரியல் மதிப்பைக் கணக்கிட்டு, பிறகு சராசரி எடுங்கள். கடத்துதிறன் என்றால் மடக்கை எடுத்துச் சராசரி.

சாயில்கிரிட்ஸை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மண் குழிகளின் தரவை வைத்து, 2 மீட்டர் ஆழம் வரை ஆறு அடுக்காகக் கொடுத்திருக்கிறார்கள். மதிப்பு எவ்வளவு நிச்சயமில்லாதது என்று காட்டும் 5, 95 சதமான (கீழ், மேல் எல்லை) மதிப்புகளும் சேர்த்தே வருகின்றன. குழி அதிகம் தோண்டாத பகுதிகளில் அந்த இடைவெளியைத் திறந்து பார்த்தாலே ரெசல்யூஷன் மோகம் பாதி குறையும். திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. எச்.டபிள்யூ.எஸ்.டி.யும் சொக்கத்தங்கம் இல்லை: 1.2 பதிப்பில் 30, 100 சென்டிமீட்டர் என்று இரண்டே அடுக்கு, பல பகுதிகளுக்கு அடிப்படை 1971-81 காலத்தில் வந்த 1:50 லட்சம் அளவு வரைபடம். 2023-ல் வந்த 2.0 பதிப்பு ஏழு அடுக்கோடு 2 மீட்டர் வரை போகிறது.

   

உங்கள் வேலை சில கிலோமீட்டர் கட்டத்தில், நன்றாக ஆய்வு செய்யப்பட்ட நிலத்தில் என்றால் 250 மீட்டர் டேட்டாவுக்குப் பலன் இருக்கலாம், தாராளமாக மாறுங்கள். அதற்கு முன் மாடலின் நிரலைத் திறந்து எந்தச் சமன்பாடு, எந்த ஊர் மண்ணில் பிறந்தது என்று பாருங்கள். சாயில்கிரிட்ஸில் மணல், வண்டல், களி எல்லாம் கிலோவுக்குக் கிராம் கணக்கில் இருக்கும். சதவீதமாக்க 10-ஆல் வகுத்து, மூன்றையும் கூட்டினால் 100-க்கு அருகில் வருகிறதா என்று சரிபார்த்த பிறகு ஓட்டுங்கள்.